கிண்ணத்தின் மூலை ஏன் மெலிகிறது?

தயிர் தீர்ந்த பிளாஸ்டிக் கிண்ணம் ஒன்றைக் கழுவி, நெடுக்காக இரண்டாக வெட்டுங்கள். ஒரு பாதியை வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். சில இடங்களில் வெளிச்சம் கூடுதலாக ஊடுருவுகிறதல்லவா? அங்கெல்லாம் கனம் குறைவு.

மெல்லிய கிண்ணங்கள் பெரும்பாலும் தட்டையான தகட்டிலிருந்தே பிறக்கின்றன. தகட்டைச் சூடேற்றி இளக்கி, குழிவான அச்சின் வாயில் இறுக்கிப் பிடித்து, அச்சிலுள்ள நுண்துளைகள் வழியே காற்றை உறிஞ்சுவார்கள். வெளிக்காற்றின் அழுத்தம் தகட்டை உள்ளே தள்ளும். நேரான சுவருள்ள கிண்ணத்தின் விட்டமும் ஆழமும் சமம் என்று கொள்வோம். அடியும் சுவரும் சேர்ந்த பரப்பு, வாயின் பரப்பைப்போல் 5 மடங்கு! 1 மி.மீ. தகடு சராசரியாக 0.2 மி.மீ. ஆகிவிடும். (கணக்கிட்டுப் பாருங்கள்.)

சராசரி எங்கும் கிடைத்தால் கவலையில்லை. ஆனால் குளிர்ந்த அச்சை முதலில் தொடும் பகுதி அப்படியே இறுகிவிடும், மேற்கொண்டு நீளாது. எஞ்சிய சிறு பகுதியே இழுபட்டு அடிமூலையை நிரப்ப வேண்டும். விரிசலும் ஒழுக்கும் அங்கேதான். தடித்த தகடு எடுத்தால் மூலை தேறும். மற்ற இடங்களில் பொருள் வீண்.

ஆகவே, உறிஞ்சுமுன் ஒரு கட்டையை இறக்கித் தகட்டின் நடுவைத் தள்ளுகிறார்கள். கட்டையைத் தொட்ட பகுதி சற்றுக் குளிர்ந்து, அதிகம் மெலியாமல் அடிக்குப் போகிறது. குளிர்ந்த உலோகக் கட்டை வெப்பத்தை மிக விரைவாகப் பறித்துவிடும், மரம் நல்லது. போதிய ஆழம் இறங்காவிட்டால் மூலை மெலியும்; மிஞ்சினால் அடி தடித்துச் சுவர் மெலியும்.

சரியான ஆழத்தை எப்படி அறிவது? தகட்டில் முன்பே சதுரக் கட்டங்கள் வரைந்துவிட்டால் போதும். ஒரு கட்டம் 8 மடங்கு விரிந்திருந்தால், அங்கே கனம் எட்டில் ஒரு பங்கு.