ஒரே ஒரு சென்டிமீட்டருக்கு இவ்வளவு ஆரவாரமா? போல் வால்ட் கணக்கு இதுதான்!

2025 செப்டம்பர் 15, டோக்கியோ. உலகத் தடகள சாம்பியன்ஷிப், ஆண்கள் போல் வால்ட் இறுதிப்போட்டி. தங்கம் யாருக்கு என்பது ஏற்கெனவே முடிவாகிவிட்டது. ஆனாலும் போட்டி முடியவில்லை. குறுக்குக் கம்பி 6.30 மீட்டரில் நிற்கிறது. ஸ்வீடனின் அர்மாண்ட் ‘மோண்டோ’ டுப்ளான்டிஸ் இரண்டு முறை முயன்று தவறிவிட்டார். மிச்சம் ஒரே வாய்ப்பு. ஓடினார், கோலை ஊன்றினார், மேலே பறந்தார். உடல் உரசியதில் கம்பி ஆடியது. ஆனால் விழவில்லை. புதிய உலக சாதனை!

பழைய சாதனை 6.29 மீட்டர். அதுவும் அவருடையதுதான். வித்தியாசம் வெறும் 1 செ.மீ. ‘இவ்வளவு திறமை இருக்கிறவர் ஒரேயடியா 10 செ.மீ. ஏத்தி வெச்சுத் தாண்டலாமே?’ என்று கேட்கத் தோன்றுகிறதா? நியாயமான கேள்வி.

விதி என்ன சொல்கிறது?

சிம்பிளாகச் சொன்னால், தொடர்ந்து மூன்று முறை தவறினால் அவுட். கம்பியை உரசலாம், அது கீழே விழக் கூடாது. அவ்வளவுதான். போட்டி நடக்கும்போது கம்பியைக் குறைந்தது 5 செ.மீ. வீதம்தான் உயர்த்துவார்கள். மற்ற எல்லோரும் வெளியேறி, வெற்றியும் உறுதியான பிறகு, அடுத்த உயரத்தை வென்றவரே முடிவு செய்யலாம். டோக்கியோவில் கிரீஸின் எமானுவேல் கராலிஸ் 6.00 மீட்டருடன் வெள்ளியும், ஆஸ்திரேலியாவின் கர்டிஸ் மார்ஷல் 5.95 மீட்டருடன் வெண்கலமும் வென்றார்கள். அதன் பிறகு மைதானத்தில் டுப்ளான்டிஸும் அந்தக் கம்பியும் மட்டும்தான்.

ஒரு தவறுக்கு என்ன விலை?

இருவர் ஒரே உயரத்தைத் தாண்டினால்? அந்த உயரத்தில் யார் குறைவாகத் தவறினார் என்று முதலில் பார்ப்பார்கள். அதுவும் சமம் என்றால், அதுவரை செய்த மொத்தத் தவறுகளைக் கணக்கெடுப்பார்கள். ‘முதல் முயற்சிதானே, போனால் போகட்டும்’ என்று விட்ட ஒரு தாண்டல் கடைசியில் பதக்கத்தையே பறித்துவிடும்.

2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் அதுதான் நடந்தது. பிலிப்பைன்ஸின் ஈ.ஜே. ஓபியேனா, கராலிஸ் இருவருமே 5.90 மீட்டர் தாண்டினார்கள். தவறுகளை எண்ணிப் பார்த்ததில் வெண்கலம் கராலிஸுக்கு, நான்காவது இடம் ஓபியேனாவுக்கு. உயரத்தில் ஒரு மில்லிமீட்டர்கூட வித்தியாசம் இல்லை. ஒருவர் மேடையில் நின்றார், இன்னொருவர் வெறுங்கையோடு திரும்பினார்.

‘பாஸ்’ என்னும் சூதாட்டம்

ஓர் உயரத்தில் தவறியவர், மிச்சமுள்ள முயற்சியை அடுத்த உயரத்துக்கு எடுத்துச் செல்லலாம். இதற்குப் பெயர் ‘பாஸ்’. 2016 ரியோ ஒலிம்பிக்கில் 6.03 மீட்டரில் இரண்டு முறை தவறினார் பிரான்ஸின் ரெனோ லாவில்னி. அதே உயரத்தை உள்ளூர் வீரர் தியாகோ பிராஸ் தாண்டிவிட்டார். இனி 6.03 தாண்டினாலும் தங்கம் கிடைப்பது சந்தேகம். லாவில்னி பாஸ் சொல்லி, கடைசி வாய்ப்பை 6.08 மீட்டரில் பயன்படுத்தினார். தவறினார். தங்கம் பிராஸுக்குப் போனது.

உச்சத்தில் இருப்பவர்களுக்கும் இந்த விதி இரக்கம் காட்டாது. 35 உலக சாதனைகள் படைத்த செர்ஜி புப்கா, 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் ஓர் உயரத்தைக்கூடத் தாண்டாமல் வெளியேறினார்.

சரி, ஏன் 1 செ.மீ.?

முதல் காரணம் பணம். இதை மறைக்க ஒன்றுமில்லை. உலக சாம்பியன்ஷிப்பில் தங்கத்துக்கு 70,000 டாலர். உலக சாதனை படைத்தால் கூடுதலாக 1,00,000 டாலர் போனஸ். 1 செ.மீ. கூடினாலும் 10 செ.மீ. கூடினாலும் போனஸ் ஒன்றுதான். இந்த வழியை முதலில் காட்டியவரே புப்காதான். 2020-ல் 6.17 மீட்டரில் தொடங்கிய டுப்ளான்டிஸும் ஒவ்வொரு முறையும் 1 செ.மீ. மட்டுமே ஏற்றினார். டோக்கியோ சாதனை அந்த வரிசையில் 14-வது.

ஆனால், பணம் பாதிக் கதைதான். மீதி இயற்பியல். போல் வால்ட் என்பது ஓடும் வேகத்தை உயரமாக மாற்றும் வித்தை. வளையும் கோல், அந்த ஆற்றலைக் கொஞ்ச நேரம் வாங்கி வைத்துத் திருப்பித் தருகிறது. நொடிக்கு 10 மீட்டர் வேகத்தில் ஓடுபவரின் ஆற்றல் முழுவதும் உயரமாக மாறினால், உடலின் எடை மையம் சுமார் 5.1 மீட்டர் மேலே போகும். நிற்கும்போதே அது தரையிலிருந்து ஏறக்குறைய 1 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஆக, 6.1 மீட்டர். அதற்கு மேல் போவதெல்லாம் கோலில் தொங்கியபடி உடலைத் தலைகீழாகத் தூக்கித் தள்ளும் வலிமையில்தான்.

இதே கணக்குப்படி இன்னும் 10 செ.மீ. வேண்டுமென்றால், வேகம் நொடிக்கு சுமார் 0.1 மீட்டர் கூட வேண்டும். 100 மீட்டர் ஓட்டத்தில் 10 நொடிக்கும் 9.9 நொடிக்கும் உள்ள இடைவெளி அது! ஓட்ட வீரர்கள் பல வருடம் உழைத்துக் குறைக்கும் நேரம். டுப்ளான்டிஸ் 2024-ல் ஜூரிச்சில் நடந்த காட்சிப் பந்தயத்தில் 100 மீட்டரை 10.37 நொடியில் ஓடி, தடை ஓட்ட நட்சத்திரம் கார்ஸ்டன் வார்ஹோமையே முந்தியவர். அப்படிப்பட்டவருக்கே 6.30 மீட்டரில் மூன்று முயற்சிகளும் தேவைப்பட்டன. கம்பியையும் உரசித்தான் போனார்.

அடுத்த முறை போல் வால்ட் பார்க்கும்போது, கம்பியோடு ஸ்கோர் போர்டையும் கவனியுங்கள். வட்டம் என்றால் தாண்டியாச்சு, பெருக்கல் குறி என்றால் தவறு, கோடு என்றால் பாஸ். பதக்கம் யார் கையிலிருந்து நழுவுகிறது என்பது பெரும்பாலும் அந்தப் பெருக்கல் குறிகளில் முன்கூட்டியே தெரிந்துவிடும்.