மெத்தை, கட்டில் அளவுகள்

இந்தியாவில் மெத்தை அளவு பெரும்பாலும் அங்குலத்தில் சொல்லப்படுகிறது. அகலம் சிங்கிளுக்கு 36, டபுளுக்கு 48, குயீனுக்கு 60, கிங்குக்கு 72. நீளமோ 72, 75, 78 என மூன்று விதமாகக் கிடைக்கிறது. ஆகவே 'கிங் சைஸ்' என்று மட்டும் கேட்டால் அகலம் தெரியும், நீளம் தெரியாது.

இலவம்பஞ்சு மெத்தையைக் கட்டிலை அளந்து தைத்தார்கள். அதில் இந்தச் சிக்கல் இல்லை. ஆயத்த மெத்தைகளோடுதான் இது வந்தது.

ஓசூரிலிருந்து பெங்களூரு சுமார் 40 கி.மீ. கட்டிலை அங்கே வாங்கி, மெத்தையை உள்ளூரில் வாங்குவோர் கவனிக்க வேண்டும். 2022இல் பெங்களூரு நாகசந்திராவில் தொடங்கிய ஐக்கியா கடையில் கட்டில்கள் சென்டிமீட்டர் கணக்கு. 180 × 200 செ.மீ. கட்டிலுக்கு 72 × 78 அங்குல மெத்தை வாங்கினால், அது சுமார் 183 × 198 செ.மீ. இருக்கும். அகலத்தில் 3 செ.மீ. மிகும், நீளத்தில் 2 செ.மீ. குறையும். கெட்டியான தென்னைநார் மெத்தையானால் சட்டத்துக்குள் இறங்காது. ஃபோம் மெத்தையைத் திணித்தால் நடுவில் புடைக்கும்.

எனவே கடைக்குப் போகுமுன் கட்டிலின் உள்ளளவை டேப்பால் எடுங்கள். வெளிச்சட்டத்தை அளப்பதே பலர் செய்யும் தவறு. படுப்பவரின் உயரத்தைவிட 6 அங்குலமாவது நீளம் கூடுதலாக வேண்டும். 5 அடி 9 அங்குல உயரமுள்ளவருக்கு 72 போதாது, 75 சரி.

வேலைக்காக ஓசூரில் 10 × 10 அடி வாடகை அறையில் தங்குவோருக்குக் கிங் கட்டில் அறையை அடைத்துவிடும். இரண்டு சிங்கிள் கட்டில் நல்லது. சேர்த்துப் போட்டால் மெத்தை அகலம் அதே 72 அங்குலம். வீடு மாறும்போது மாடிப்படியில் ஏற்றவும் எளிது.