உங்களுக்குத் தெரியுமா? சோப்பு நுரையீரலையும் காக்கும்!

சோப்புப் போட்டுக் கை கழுவும் பழக்கத்தைக் கற்றுக்கொடுத்த வீடுகளில், 5 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு நிமோனியா வருவது 50 சதவீதம் குறைந்தது! பாகிஸ்தானின் கராச்சி நகரக் குடிசைப் பகுதிகளில் நடந்த ஆய்வு இது. 2005-இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் வெளியானது.

• ஊழியர்கள் வாராவாரம் வீடு தேடி வந்தார்கள். சோப்பும் கொடுத்து, எப்போது கழுவ வேண்டும் என்றும் சொன்னார்கள்: கழிப்பறை போய்வந்ததும், சமைக்கும் முன், சாப்பிடும் முன், பிள்ளைக்கு ஊட்டும் முன். 15 வயதுக்கு உட்பட்டவர்களிடம் வயிற்றுப்போக்கும் 53 சதவீதம் குறைந்தது.

• கிருமிநாசினி சேர்த்த சோப்பு, சாதாரண சோப்பைவிடக் கூடுதல் பலன் தரவில்லை. சாதாரண சோப்பே போதும்; ஏழைத் தாய்மாருக்கு இதைவிட நல்ல சேதி இல்லை.

• தானாகக் கை கழுவத் தெரியாத கைக்குழந்தைகளுக்கும் பலன் கிடைத்தது. சாதாரண சோப்பு பெற்ற வீடுகளில் அவர்கள் வயிற்றுப்போக்கால் அவதிப்பட்ட நாட்கள் 39 சதவீதம் குறைவு. காத்தது அம்மாவின் கைதான்!

• சளி ஒழுகும் மூக்கைத் துடைத்த கையாலேயே பிள்ளைகள் பொம்மையை எடுக்கிறார்கள். அடுத்த பிள்ளை அதை வாயில் வைக்கிறது. சுவாச நோய் பரவும் வழிகளில் இதுவும் ஒன்று.

• சின்னப் பிள்ளைகள் உள்ளங்கையை மட்டும் தேய்த்துவிட்டு ஓடிவிடுவார்கள். கட்டைவிரல், விரலிடுக்கு, நகக்கண் எல்லாம் விட்டுப்போகும். 20 விநாடி தேய்க்க வேண்டும். கூடவே நின்று, நம் கையையும் கழுவிக் காட்டினால் சீக்கிரம் பிடித்துக்கொள்வார்கள்.