பச்சையெல்லாம் காடாகுமா?

சென்ற கோடை விடுமுறையில் என் வகுப்பு மாணவர்களில் பன்னிரண்டு பேரை அழைத்துக்கொண்டு நீலகிரிக்குப் போயிருந்தேன். மேட்டுப்பாளையத்தில் மலை ரயில் ஏறியது முதல் பிள்ளைகளின் கண்கள் ஜன்னலை விட்டு அகலவில்லை. குன்னூரை நெருங்கும் சமயம், மலைச்சரிவு முழுவதும் பச்சைக் கம்பளம் விரித்தாற்போல் காட்சியளிக்கவே, ஒரு பையன், "ஸார், எவ்வளவு பெரிய காடு!" என்று ஆனந்தக் கூச்சலிட்டான். அவன் சுட்டிக்காட்டியது தேயிலைத் தோட்டம்!

மற்றப் பிள்ளைகள் நகைத்தார்கள். எனக்கு மட்டும் நகைப்பு வரவில்லை. அந்தப் பாலகன் அறியாமல் செய்த பிழையை, அறிந்தவர்களாகிய நாம் இருநூறு ஆண்டுகளாகச் செய்துவருகிறோமே என்று நினைத்தேன். வெளுத்ததெல்லாம் பால் அல்ல என்பது நமக்குத் தெரியும்; பச்சையெல்லாம் காடல்ல என்பது மாத்திரம் ஏனோ தெரியாமற் போயிற்று.

மறுநாள் அவர்களைக் கோத்தகிரிக்கு அருகிலுள்ள லாங்வுட் சோலைக்கு அழைத்துச் சென்றேன். சுமார் 116 ஹெக்டேர், அதாவது 286 ஏக்கர் பரப்புள்ள சிறு வனம் அது. வெளியே வெயில் காய்ந்துகொண்டிருந்தது. உள்ளே நுழைந்ததும் மாலைப் பொழுது போன்ற இருள். மரங்களின் மேலெல்லாம் பாசி. கிளைகளில் பெரணியும் தொற்றுச் செடிகளும். காலடி வைத்த இடத்தில் உதிர்ந்த இலைகள் மெத்தைபோல் அமிழ்ந்தன. கீழே கிடந்த பாசி படர்ந்த சுள்ளி ஒன்றை எடுத்து, முந்தின நாள் தேயிலையைக் காடென்ற பையனிடம் கொடுத்துப் பிழியச் சொன்னேன். அவன் விரலிடுக்கில் ஜலம் சொட்டியது. "ஸார், மழையே பெய்யவில்லையே!" என்றான். நான் நடத்தவேண்டிய பாடத்தில் பாதியை அந்தச் சுள்ளியே நடத்திவிட்டது.

சோலையின் வேலை இதுதான். வானத்திலிருந்து வேகமாக விழும் மழைத்துளியை முதலில் இலைகள் தாங்குகின்றன. பிறகு பாசி தாங்குகிறது. பிறகு சருகும் மக்கிய மண்ணும் உறிஞ்சிக்கொள்கின்றன. மூடுபனியிலிருந்துகூட இம்மரங்கள் நீரைக் கவர்ந்து சொட்டவிடுகின்றன. சோலையைச் சூழ்ந்த புல்வெளிகளும், அவற்றின் தாழ்வில் உள்ள சதுப்பு நிலங்களும் இதே காரியத்தைச் செய்கின்றன. சிக்கனமான குடும்பத் தலைவி மாதச் சம்பளத்தைக் கடைசித் தேதிவரை கட்டிக் காப்பதுபோல, மழைக்காலத்தில் பெற்ற செல்வத்தை மலை கோடைவரை வைத்திருந்து சிறுகச் சிறுகச் செலவிடுகிறது. அந்தச் செலவிலேதான் பைக்காராவும் குந்தாவும் ஓடுகின்றன. மோயாறு பவானியில் கலக்கிறது. பவானி காவிரியில் கலக்கிறது. ஈரோட்டு உழவனின் மஞ்சள் வயலுக்கும், உதகையில் மேகம் தவழும் ஒரு சோலைக்கும் பந்துத்துவம் உண்டு. வள்ளுவர் நாட்டின் அரணைப் பற்றிப் பேசும்போது நீரோடும் மலையோடும் காட்டையும் சேர்த்தே வைத்தது காரணமின்றியா?

இத்தகைய செல்வம் எப்படிக் குறைந்தது? 1819-ஆம் ஆண்டில் கோயமுத்தூர்க் கலெக்டர் ஜான் ஸல்லிவன் கோத்தகிரிப் பக்கம் வந்தார். சீமையின் குளிரைக் கண்டுவிட்ட துரைமார்களுக்கு அப்புறம் சமவெளியில் இருப்புக் கொள்ளவில்லை. பங்களாக்கள் எழும்பின; வெலிங்டனில் பட்டாளம் வந்து தங்கியது. காப்பி வந்தது, 1860-களில் சுரத்துக்கு மருந்தாகச் சின்கோனா வந்தது, தேயிலை வந்தது. தோட்டத்திற்கு நிலம் வேண்டும், கட்டடத்திற்கு மரம் வேண்டும், குளிருக்கு விறகு வேண்டும். இத்தனைக்கும் கோடரி விழுந்தது சோலையின் மேலேதான். விறகுக்குப் பஞ்சம் வரும் என்ற கவலை பிறந்தபோது, அதற்குப் பரிகாரமாக ஆஸ்திரேலியாவின் கற்பூர மரத்தை நட்டார்கள். அது இம்மலைக்கு வந்தது 1843-இல். 1882-ஆம் ஆண்டின் சென்னை வனச் சட்டம் காடுகளைச் சர்க்காரின் கைக்குள் கொண்டுவந்தது. ஆனால் அன்றைய ஆட்சியாளரின் கண்ணுக்குக் காடு என்பது பெரும்பாலும் மரமும் வருமானமுமே.

இவ்வளவும் அந்நியன் செய்த அநியாயம் என்று சொல்லிக் கைகழுவிவிடலாம். அப்படிச் சொன்னால் நமக்கும் திருப்தியாக இருக்கும். ஆனால் உண்மை அதற்கு இடந்தரவில்லை. சுயராஜ்யம் வந்த பிறகு, நம்முடைய சர்க்காரே நீலகிரியின் புல்வெளிகளைத் தரிசு என்று கருதி, ஆயிரக்கணக்கான ஏக்கரில் கற்பூர மரத்தையும் சீகை மரத்தையும் நட்டது. தோல் பதனிடுவதற்குப் பட்டை. செயற்கைப் பட்டுக்கு மரக்கூழ். தோடர்களின் எருமைகள் மேய்ந்த புல்லும், அவர்கள் கோயிலுக்குக் கூரை வேயும் சதுப்புப் புல்லும் அந்த மரங்களின் அடியில் மறைந்தன. வரையாட்டின் மேய்ச்சல் நிலமும் சுருங்கியது. கணக்கேட்டில் மட்டும் பசுமை பெருகியது!

பலன் என்ன? உதகமண்டலத்திலுள்ள மண், நீர்ப் பாதுகாப்பு ஆராய்ச்சி நிலையத்தார் புல்வெளி ஓடையையும் கற்பூர மரத் தோப்பின் ஓடையையும் பல ஆண்டுகள் ஒப்பிட்டு அளந்தனர். முதற் பத்தாண்டுப் பருவத்திலேயே தோப்பின் ஓடையில் சுமார் 16 விழுக்காடு நீர் குறைந்திருந்தது. மரத்தை வெட்டினாலும் தீங்கு. இடமறியாமல் நட்டாலும் தீங்கு.

மழை மிகுந்தாலோ வேறு விபத்து. 2009 நவம்பரில் பெய்த பெருமழையில் நீலகிரியில் பல இடங்களில் மண் சரிந்து, 40-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். மழை அசாதாரணமானது என்பது மெய். ஆயினும், ஆழ வேரோடிய மரங்களை இழந்து, வீட்டுக்கும் வீதிக்கும் அடிவாரம் வெட்டப்பட்டு, நீர்வழிகள் அடைபட்ட சரிவு அத்தகைய மழையை எவ்விதம் தாங்கும்?

ஒன்று சொல்லவேண்டும். தேயிலையைப் பறிக்கும் ஏழைப் பெண்ணின்மேல் இந்தக் குற்றத்தைச் சுமத்துவது பாவம். 1964-ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து திரும்பிய நம் மக்களுக்குப் பிழைப்பளிக்கவே அரசாங்கம் 1968 முதல் நீலகிரியில் தேயிலைத் தோட்டங்களை உண்டாக்கியது. பசித்தவனுக்குச் சோறு வேண்டும். அந்தச் சோற்றை ஆக்க ஜலமும் வேண்டும். இவ்விரண்டையும் ஒருசேரக் காப்பதே அரசியலின் கடமை.

நல்ல காரியங்களும் நடவாமல் இல்லை. கூடலூர்க் காடுகளைப் பற்றி எழுந்த வழக்கில், 1996 டிசம்பர் 12-ஆம் தேதி உச்ச நீதிமன்றம், யாருடைய உடைமையாயினும் காடு காடே என்று கட்டளையிட்டது. அந்நியத் தாவரங்களை அகற்றிப் பழைய இயற்கையை மீட்பதற்குத் தமிழ்நாடு அரசு 2022-இல் ஒரு கொள்கை வகுத்தது. நாங்கள் பார்த்த லாங்வுட் சோலையை, ஊரார் பல ஆண்டுகளாகக் கண்காணித்துக் காத்துவருகிறார்கள். 2024-இல் அது ராம்சார் உடன்படிக்கையின் கீழ் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக அங்கீகரிக்கப்பட்டது.

சோலையை விட்டு வெளியே வரும்போது, சுள்ளியைப் பிழிந்த பையன் மெதுவாகக் கேட்டான்: "வெட்டின சோலையை மறுபடியும் வளர்க்க முடியாதா, ஸார்?"

"முடியும், அப்பா. ஆனால் சோலை மரம் வெகு நிதானமாக வளரும். நீ இன்று நட்டால், அதன் முழு நிழலில் உன் பேரன்தான் உட்காருவான்."

அவன் முகம் சிறிது வாடியது. "தென்னை வைத்தவன் தின்றுவிட்டுச் சாவான், பனை வைத்தவன் பார்த்துவிட்டுச் சாவான்" என்ற பழமொழியை எடுத்துச் சொன்னேன். பார்த்துவிட்டாவது போகலாம் என்று பனை வைத்த முன்னோர்களின் சந்ததி நாம். பார்க்கவும் கிடைக்காது என்று தெரிந்தே ஒன்றை வைப்பதற்கும், அதைவிட எளிதாக, இருப்பதை வெட்டாமல் விடுவதற்கும் நமக்கு மனம் வரவேண்டாமா?

திரும்பும் வழியில் அதே தேயிலைச் சரிவு வந்தது. பையன் அதைப் பார்க்கவில்லை. இரண்டு தோட்டங்களுக்கிடையே மலைமடிப்பில் கறுத்துக் கிடந்த ஒரு சிறு திட்டைத் தன் தோழர்களுக்குக் காட்டிக்கொண்டிருந்தான்: "அதோ பாருங்கள், அதுதான் காடு!"