சைலன்சர் கிளாம்ப் உடைந்தால்: தற்காலிக வழிகள்

காரின் எஞ்சினில் எரிந்த வாயுவைப் பின்புறம் கொண்டுசெல்லும் சைலன்சர் குழாய் பல துண்டுகளால் ஆனது. அத்துண்டுகள் சேரும் இடத்தை இறுக்கிப் பிடிக்கும் உலோக வளையமே கிளாம்ப். ஈரமும் ஓயாத அதிர்வும் அதனைத் துருவேற்றி உடைக்கும்போது, இரைச்சல் பெருகுவதோடு, நிறமும் மணமும் அற்ற நச்சு வாயுவான கார்பன் மோனாக்சைடு கசிந்து காருக்குள் புகக்கூடும் என்பதால், இதனை வெறும் சத்தக் கோளாறாகக் கருதலாகாது.

குழாய் நன்கு ஆறிய பின்னரே பழுதைத் தொட வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் நுழைவது உயிருக்கே ஆபத்து. குழாய் தொங்கினால், கட்டட வேலைக்குரிய கட்டுக்கம்பியை முறுக்கி, சைலன்சரைத் தாங்கும் கொக்கிகளோடு பிணைக்கலாம். பிரேக் குழாயிலோ எரிபொருள் குழாயிலோ கட்டக்கூடாது. இணைப்பில் கசிவிருந்தால், குளிர்பான அலுமினிய டப்பாவை வெட்டிச் சுற்றி, திருகினால் இறுகும் எஃகு ஹோஸ் கிளாம்ப் இரண்டை அதன்மேல் மாட்டலாம். அலுமினியம் ஏறத்தாழ 660 டிகிரி செல்சியஸில் உருகுமாதலால், எஞ்சினை விட்டு விலகிய, வெப்பம் குறைந்த பின்பகுதிக்கே இது பொருந்தும். பிளாஸ்டிக் பட்டையும் துணி டேப்பும் வெப்பம் தாங்கா.

இவை யாவும் ஜன்னல்களைத் திறந்தபடி மெதுவாக ஓட்டி, அருகிலுள்ள மெக்கானிக்கை அடைவதற்கு மட்டுமே உதவும். புதிய கிளாம்ப் பொருத்துவதே முறையான தீர்வாகும்.