அயலூர்க் கிண்ணம்

பெரும்போக அறுவடை முடிந்து வைக்கோலும் ஏற்றியாகிவிட்டால் வன்னியில் ஒலிபெருக்கிக் காலம் தொடங்கிவிடும். கோயிலில் ஒன்று கட்டினால் மைதானத்தில் இன்னொன்று. பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு கிளிநொச்சிப் பக்கமோ முல்லைத்தீவுப் பக்கமோ மோட்டார் சைக்கிளில் போகிறவர்களுக்கு இது தெரியும். மைதானம் கண்ணில் படுவதற்கு முன்பே அறிவிப்பாளரின் குரல் தெருவுக்கு வந்துவிடும். ஆடுவது பக்கத்துப் பக்கத்து ஊர்க் கழகங்கள் இரண்டு. குரலை மட்டும் கேட்டால் பிரேசிலும் ஆர்ஜென்டினாவும் மோதுவது போலிருக்கும்.

சுண்ணாம்புத் தூளால் போட்ட எல்லைக்கோடு முதற்பாதி முடிவதற்குள் பாதி அழிந்திருக்கும். கடற்கரை ஊர் என்றால் கோல் கம்பத்தில் கட்டியிருப்பது பழைய மீன்வலை. மரநிழலில் மேசை, மேசையில் துணி, துணியின் மேல் வெற்றிக் கேடயம். அதற்குப் பக்கத்தில் ஒரு சாண் குறைவாக இரண்டாமிடக் கிண்ணம். பல கேடயங்களில் இறந்துபோன ஒருவரின் பெயர் பொறித்திருக்கும். அண்ணனுக்காகத் தம்பி கனடாவிலிருந்தோ சுவிசிலிருந்தோ அனுப்பிய காசு அது.

இந்த மைதானங்களில் தோல்வி ஒரே மாதிரி இருப்பதில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த பெயர்போன கழகத்திடம் நாலு கோல் வாங்கினாலும் மறுநாள் மறந்துபோகும். அயலூரிடம் ஒரே ஒரு கோலில் தோற்றால் ஒரு கிழமைக்கு வெளியில் தலைகாட்ட ஏலாது. அதே நெல் ஆலையில், அதே சங்கக் கடையில், அதே பஸ்ஸில் வென்றவனின் முகத்தில் முழிக்க வேண்டும். அயலவனுக்கு எதிரான ஆட்டத்தின் உறைப்பு அதுதான். கிராமத்துக்கு மட்டுமல்ல, நாடுகளுக்கும் இதே கணக்குத்தான்.

சவர்க்காரக் கிண்ணம்

ஆபிரிக்காவில் அயலவர்கள் மோதும் கிண்ணங்களில் மிகப் பழையது 1926இல் தொடங்கியது. கென்யாவும் உகண்டாவும் மட்டும் ஆடின. கிண்ணத்தைக் கொடுத்தவர்கள் கொஸேஜ் என்ற ஆங்கிலேயச் சவர்க்காரக் கம்பனிக்காரர். அதனால் அதன் பெயரே கொஸேஜ் கிண்ணம். 1945இல் தங்கனீக்காவும் 1949இல் சான்சிபாரும் சேர்ந்தன. நாடுகள் விடுதலையடைந்தன, கிண்ணத்தின் பெயரும் இரண்டு தடவை மாறியது. இன்று கிழக்கு, மத்திய ஆபிரிக்க நாடுகளின் ‘செகாஃபா’ கிண்ணமாக நிற்பது அதன் வழி வந்ததுதான். அதிகம் வென்றது உகண்டா. நம் ஊரில் கடைக்காரர் கேடயம் கொடுப்பதைப் போல அங்கே சவர்க்காரக்காரர் கொடுத்தது ஏறத்தாழ நூறு வருடம் ஓடியிருக்கிறது.

இந்தப் பட்டியலில் வன்னி வாசகர் நின்று பார்க்க வேண்டிய பெயர் சான்சிபார். 1964இல் தங்கனீக்காவோடு இணைந்து தன்சானியா ஆகிவிட்ட தீவு அது. உலக உதைபந்தாட்டச் சம்மேளனமான பீபா அதைத் தனி அணியாக ஏற்பதில்லை. 2017 மார்ச்சில் ஆபிரிக்கச் சம்மேளனம் அங்கத்துவம் கொடுத்தது. ஒரு நாட்டிலிருந்து இரண்டு சங்கங்கள் இருக்க முடியாது என்று சொல்லி, நாலு மாதத்தில் திருப்பி எடுத்துக்கொண்டது. உலகக் கிண்ணத்தின் வாசலும் ஆபிரிக்கக் கிண்ணத்தின் வாசலும் பூட்டியிருந்தாலும் அயலவர் கிண்ணத்தின் வாசல் மட்டும் பூட்டப்படவில்லை. அங்கே சான்சிபார் சொந்தப் பெயரிலேயே ஆடுகிறது. 1995இல் உகண்டாவில் நடந்த கிண்ணத்தை வென்றும் காட்டியது. 2017இல், அங்கத்துவம் பறிபோன அதே வருடம், இறுதியாட்டம் வரை போய்க் கென்யாவிடம் சமநிலைத் தவிர்ப்பு உதையில்தான் தோற்றது.

பெரிய சபைகள் ஒரு சிறிய இடத்தை ‘யார் நீ?’ என்று கேட்கும். அயலவன் அப்படிக் கேட்பதில்லை, அவனுக்கு ஏற்கெனவே தெரியும்.

போர்நிறுத்தத்துக்குள் ஒரு கிண்ணம்

சான்சிபார் வென்ற அதே 1995இல் இலங்கையும் தன் அயலவர் கிண்ணத்தை வென்றது. தெற்காசியத் தங்கக் கிண்ணம் என்று அப்போது பெயர். இன்று ‘சாஃப்’ கிண்ணம் என்கிறோம். முதலாவது 1993இல் லாகூரில் நடந்தது. இந்தியா வென்றது, இலங்கைக்கு இரண்டாமிடம். இரண்டாவது கொழும்பில், 1995 மார்ச் 25ஆம் திகதி தொடங்கி ஏப்ரல் 2ஆம் திகதி முடிந்தது. இறுதியாட்டத்தில் மீண்டும் இந்தியா. முழு நேரத்திலும் கோல் விழாமல், மேலதிக நேரத்தில் 1-0 என்று இலங்கை வென்றது. ஆண்களுக்கான இந்தக் கிண்ணத்தை இலங்கை வென்றது அந்த ஒரே தடவைதான்.

இந்தத் திகதிகளை வன்னியில் இருந்தவர்கள் வேறு மாதிரி வாசிப்பார்கள். அரசுக்கும் புலிகளுக்கும் இடையில் போர்நிறுத்தம் வந்தது அந்த வருடம் ஜனவரி 8இல். முறிந்தது ஏப்ரல் 19இல். நூறு நாளும் ஒரு நாளும் நீடித்த அந்த அமைதிக்குள் சுற்றுப்போட்டி முழுதாக அடங்கிவிட்டது. கொழும்பில் கிண்ணம் தூக்கிய நாளிலிருந்து பதினேழாம் நாள் மீண்டும் சண்டை. ஒக்டோபர் 30இல் வலிகாமம் ஒரே இரவில் இடம்பெயர்ந்தது. அந்தச் சனத்தில் ஒரு பகுதி பிறகு கிளாலியைத் தாண்டி வன்னிக்கு வந்து சேர்ந்தது.

அந்த இறுதியாட்டத்தை வன்னியில் எத்தனை பேர் பார்த்திருக்க முடியும்? மின்சாரம் இல்லாத காலம். பற்றரி தடைசெய்யப்பட்ட பொருளாக இருந்து, அப்போதுதான் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே வரத் தொடங்கியிருந்தது. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, ஒருவர் மிதியைச் சுற்ற, டைனமோவில் ரேடியோ பாடும். அந்தச் சுற்றுக்குக் கிடைப்பது செய்தி மட்டுந்தான். உதைபந்தாட்ட முடிவுக்காக யாரும் கை நோகச் சுற்றியிருக்க மாட்டார்கள்.

இரண்டாவது தடவை தெற்காசியக் கிண்ணம் இலங்கைக்கு வந்தது 2008 ஜூனில், மாலைதீவோடு கூட்டாக. இறுதியாட்டம் கொழும்பில் நடந்தது. மாலைதீவு இந்தியாவை 1-0 என்று வென்றது. அதே ஜூனில் மன்னார்ப் பெருநிலத்துச் சனம் கூரைத் தகரத்தைக் கழற்றி உழவு இயந்திரப் பெட்டியில் அடுக்கி, ஆடு மாடுகளோடு கிழக்கே நகர்ந்துகொண்டிருந்தது. கிண்ணம் இரண்டு தடவை இந்தத் தீவுக்கு வந்தும் வன்னிக்கு அது அயலவர் கிண்ணமாகவில்லை. தூரத்து வெளிநாட்டில் நடந்ததைப் போலவே நடந்து முடிந்தது.

முகாம் தெரிந்த இரண்டு அணிகள்

போர் முடிந்து மூன்று வருடத்தில், 2012 ஜூனில், ஈராக்கின் குர்திஸ்தானில் பீபாவுக்கு வெளியே நிற்கும் அணிகளின் சுற்றுப்போட்டி ஒன்று நடந்தது. ‘தமிழீழம்’ என்ற பெயரில் ஓர் அணி அதில் முதன்முதலாக இறங்கியது. ஆடியவர்கள் ஐரோப்பாவிலும் கனடாவிலும் வளர்ந்த பிள்ளைகள். அதே போட்டிக்குச் சான்சிபாரும் வந்திருந்தது, மேற்கு சஹாராவும் டார்பூரும் வந்திருந்தன. ஆபிரிக்க வரைபடத்தில் தேடினால் எளிதில் அகப்படாத பெயர்கள்.

2014இல் சுவீடனின் ஓஸ்டர்சுண்ட் நகரில் அதே வகையில் இன்னொரு போட்டி. பன்னிரண்டு அணிகளில் பதினோராம் இடத்துக்கான ஆட்டத்தில் தமிழ் அணி டார்பூரை 10-0 என்று வென்றது. கோல் கணக்கைப் பார்த்துக் கைதட்டுவதற்கு முன் எதிரே நின்றவர்கள் யார் என்று பார்க்க வேண்டும். சூடானிலிருந்து ஓடி, சாட் நாட்டின் அகதி முகாம்களில் வளர்ந்த இளைஞர்கள் அவர்கள். அதற்கு ஐந்து வருடம் முன்னர்தான் செட்டிகுளத்து மெனிக் பாம் முகாமில் வன்னியே கூடாரத்துக்குள் இருந்தது. தண்ணீர் பவுசருக்கு முன்னால் வாளிகளை வரிசையாக வைத்துவிட்டு, பக்கத்துச் செம்மண்ணில் பந்தடித்த பிள்ளைகளை அங்கே இருந்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பத்துக் கோல் வாங்கிய அணியின் கதை அவர்களுக்குத்தான் மற்ற எவரையும்விட நன்றாக விளங்கும்.

கிளிநொச்சி அளவு ஒரு நாடு

2021 நவம்பரில் கொழும்பில் நாலு நாடுகளின் போட்டி ஒன்று நடந்தது. இலங்கை, மாலைதீவு, பங்களாதேஷ், நாலாவதாக இந்து சமுத்திரத்தின் மறுகரையிலிருந்து சீசெல்ஸ். ஆபிரிக்க நாடுகளில் மிகச் சிறியது அது.  இறுதியாட்டத்தில் சீசெல்ஸ் இலங்கையைச் சமநிலைத் தவிர்ப்பு உதையில் வென்று கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போனது.

சீசெல்ஸின் சனத்தொகை ஏறத்தாழ ஒரு இலட்சம். 2012 குடிசன மதிப்பீட்டில் கிளிநொச்சி மாவட்டத்தில் மட்டும் 1 இலட்சத்து 13 ஆயிரம் பேர். முல்லைத்தீவையும் வவுனியாவையும் சேர்த்தால் மூன்று இலட்சத்து எழுபதாயிரத்துக்கு மேல். ஆள்தொகைதான் குறை என்று இனி யாரும் சொல்ல ஏலாது.

பங்களாதேஷில் இன்னும் நெருக்கமான உதாரணம் இருக்கிறது. மைமென்சிங் மாவட்டத்தின் ஒரு மூலையில் கல்சிந்தூர் என்ற கிராமம். அங்கே அரசு ஆரம்பப் பாடசாலைப் பெண்பிள்ளைகள் பாடசாலைகளுக்கிடையிலான போட்டியில் ஆடத் தொடங்கி, நாட்டுக்கே முதலாவதாக வந்தார்கள். அவர்களின் வெற்றிக்குப் பிறகுதான் ஊருக்கு மின்சாரம் வந்தது. 2022இல் பெண்களுக்கான தெற்காசியக் கிண்ணத்தை பங்களாதேஷ் முதன்முதலாக வென்றபோது அணியில் பலர் அந்த ஒரே ஊர்க்காரிகள். 2024இலும் கிண்ணம் அவர்களிடம்தான். பாடசாலை மைதானத்திலிருந்து தெற்காசியக் கிண்ணம் வரைக்கும் படி இருந்தது. பிள்ளைகள் ஏறினார்கள்.

நமக்கு அந்தப் படியில்தான் இடைவெளி. மூன்று மாவட்டங்களிலும் லீக் இருக்கிறது, கழகங்கள் இருக்கின்றன, பார்க்கச் சனம் இருக்கிறது. ஆனால் இங்கே ஆடுகிற ஆட்டங்களில் பெரும்பாலானவை ஒரு பருவத்தோடு முடிந்துபோகிற விலகல் முறைப் போட்டிகள். ஒரு தடவை தோற்றால் அந்தக் கிழமையே வீடு. அணிக்கு ஏழு பேர், ஒன்பது பேர் என்று சுருக்கி ஆடும் மின்னொளிப் போட்டிகளில் கால்வேகம் வளரும். பதினொரு பேரோடு தொண்ணூறு நிமிடம் ஆடும் மூச்சு வளராது. கிளிநொச்சியில் நல்ல பெடியன் ஒருவன் தேறினாலும் தெரிவுக்கு முந்நூறு கிலோமீற்றருக்கு மேல் பயணம் செய்து கொழும்புக்குப் போக வேண்டும். நாள் கூலி போகும், பஸ் காசு போகும், அங்கே பேசும் மொழி வேறு. வருடம் முழுக்க வீட்டுக்கும் வெளிக்குமாக ஆடும் லீக் ஒன்றும், தெரிவாளர்கள் ஏ-9 வீதியால் வடக்கே வரும் வழக்கமும் வந்தால் பாதித் தூரம் குறையும்.

தலைமையிலும் ஓட்டை இருந்தது. 2023 ஜனவரியில் இலங்கைச் சங்கத்தை பீபா இடைநிறுத்தியது. தடை ஓகஸ்டில்தான் நீங்கியது. இடையில் பெங்களூரில் நடந்த தெற்காசியக் கிண்ணத்துக்கு இலங்கையால் போக முடியவில்லை. அயலவர்கள் கூடிய முற்றத்தில் நம் கதிரை வெறுமையாக இருந்தது. குவைத்தும் லெபனானும் விருந்தாளிகளாக வந்து ஆடிவிட்டுப் போயின.

மீள்குடியேற்ற காலத்து மைதானங்கள் ஞாபகம் வருகின்றன. ஒரு பக்கம் கோல் கம்பம், அதற்குப் பின்னால் நாடா, நாடாவில் மண்டையோடு போட்ட சிவப்புப் பலகை. பந்து உயர்ந்து அந்தப் பக்கம் போனால் ஆட்டம் நின்றுவிடும். ஒருவரும் எடுக்கப் போக மாட்டார்கள். ஒரு பந்து குறைந்தால் அன்றைய விளையாட்டு அவ்வளவுதான். இன்று பலகையைக் கழற்றிவிட்டார்கள். பந்து வேலியைத் தாண்டி அயலூர் வயலில் விழுந்தால் அங்கே நிற்கிறவன் காலால் ஒரு உதை கொடுத்துத் திருப்பி அனுப்புகிறான். அனுப்பிவிட்டு, அடுத்த கிழமை எங்கள் மைதானத்துக்கு வாருங்கள் என்று கத்துகிறான்.