வேலையோடு மேற்படிப்பு: மணித்தியாலக் கணக்கை முதலில் பாருங்கள்

சாம்பல்தீவு, அலஸ்தோட்டம் பகுதிகளில் 1990 இலும் 2006 இலும் ஊர் விட்டு வந்த கமக்காரக் குடும்பங்களைச் சந்திக்கும்போது, காணிப் பிரச்சினைக்கு அடுத்ததாக எம்மிடம் கேட்கப்படுவது பிள்ளைகளின் படிப்பைப் பற்றித்தான். அண்மையில் ஒரு தாய் கேட்டார்: “மகள் வணிகமாணி முடிச்சிட்டாள். ரவுணில் ஒரு கடையில் கணக்கெழுதுகிறாள். இன்னும் படிக்கப் போறன் எண்டு நிக்கிறாள். இருக்கிற சங்கிலியை அடகு வைக்கலாமோ?”

சங்கிலியைப் பற்றிப் பேசமுன் வேறொரு கணக்கைப் பார்ப்போம்.

எமது நாட்டில் 2012 ஆம் ஆண்டு தொடக்கம் உயர்கல்வித் தகைமைகள் மட்டங்களாக வகுக்கப்பட்டுள்ளன. மூன்றாண்டுப் பட்டம் 5 ஆம் மட்டம், நான்காண்டுச் சிறப்புப் பட்டம் 6 ஆம் மட்டம். அதற்கு மேலே பட்டப்பின் சான்றிதழ், பட்டப்பின் டிப்ளோமா, முதுமாணி என்று படிகள் ஏறுகின்றன. ஆய்வில்லாத முதுமாணிக்குக் குறைந்தது 30 கிரெடிட் வேண்டும். ஒரு கிரெடிட் என்பது வகுப்பு, வீட்டு வாசிப்பு, ஒப்படை, பரீட்சை எல்லாம் சேர்த்து 50 மணித்தியால உழைப்பு. ஆக 1,500 மணித்தியாலம். ஆய்வோடு கூடிய முதுமாணிக்கு 60 கிரெடிட்.

காலை எட்டு மணிக்கு வேலைக்குப் போய் மாலை ஆறுக்கு வீடு திரும்பும் பிள்ளையால் கிழமைக்குப் பத்து மணித்தியாலம் ஒதுக்க முடியுமென்று வைத்துக்கொள்வோம். 150 கிழமைகள். அதாவது மூன்று பெரும்போகம். அந்த மூன்று போகமும் தண்ணீர் அள்ளுவது, சமைப்பது, தம்பிமாரின் உடுப்புத் தோய்ப்பது யார்? கட்டணத்தைத் தேடும் பெற்றோர் இதை யோசிப்பதில்லை. பெண்பிள்ளை என்றால் வீட்டு வேலையும் அவள் தலையில்தான் என்ற வழக்கம், படிப்பை இடையில் நிறுத்தும் காரணங்களில் ஒன்றென நாம் கருதுகிறோம்.

எங்கே படிப்பது? சாம்பல்தீவைத் தாண்டி அதே நிலாவெளி வீதியில், கோணேசபுரியில், கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம் இருக்கிறது. எந்த மேற்படிப்பு எங்கே நடக்கிறது என்று அங்கே நேரில் விசாரிப்பது செலவில்லாத முதற் படி. வேலை செய்வோரையும் மனதில் வைத்து 1980 இல் தொடங்கப்பட்டது இலங்கைத் திறந்த பல்கலைக்கழகம். தபாலிலும் கற்கை நிலையங்களிலும் வளர்ந்த அந்த முறை, கிராமத்தவர்க்குப் பொருத்தமானது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலும் முகாமைத்துவ முதுமாணி உண்டு. கொழும்பில் வார இறுதி வகுப்புகள் உண்டு என்றாலும், கிழமைதோறும் இரவுப் பயணம் செய்து திங்கட்கிழமை வேலைக்குப் போவது உடம்புக்கு ஆகாது. முதுமாணி வகுப்புகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் நடக்கின்றன. தமிழில் பட்டம் முடித்த பிள்ளை முதல் ஆறு மாதத்தை ஆங்கில வாசிப்புக்குக் கொடுத்தால் நட்டமில்லை.

கணக்கு வேலையிலேயே நிற்க விரும்புபவருக்கு வேறு வழியும் உண்டு. 1959 இல் அமைக்கப்பட்ட பட்டயக் கணக்காளர் நிறுவகத்தின் பரீட்சைகளில், பட்டதாரிகளுக்குச் சில பாடங்களில் விலக்களிக்கப்படுகிறது. ஆனால் மூன்று வருடப் பயிற்சி, அந்நிறுவகம் ஏற்றுக்கொண்ட இடத்தில் இருக்க வேண்டும். சில்லறைக் கடையில் கணக்கெழுதிய வருடங்கள் அதில் சேரா. ஆகவே எங்கே வேலை செய்கிறோம் என்பதும் படிப்பின் ஒரு பகுதியே.

பத்திரிகை விளம்பரத்தைப் பார்த்துப் பணம் கட்டமுன், அந்தத் தகைமை பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவால் ஏற்கப்பட்டதா என்று எழுத்தில் கேளுங்கள். இடம்பெயர்வில் சான்றிதழ்களைத் தொலைத்தவர்கள் அஞ்ச வேண்டாம். பிறப்புச் சான்றிதழின் பிரதியைப் பிரதேச செயலகத்திலும், சாதாரண தர, உயர்தரப் பெறுபேறுகளைப் பரீட்சைத் திணைக்களத்திலும், பட்டப் பெறுபேற்றை அந்தந்தப் பல்கலைக்கழகத்திலும் பெறலாம். விண்ணப்ப முடிவுத் திகதிக்கு நெடுநாள் முன்பே இதைத் தொடங்குங்கள்.

சங்கிலிக்கு வருவோம். கட்டணத்தைத் தவணையாகக் கட்டலாமா, முதலாளி பரீட்சைக்கு விடுமுறை தருவாரா என்று முதலில் கேட்கும்படி அந்தத் தாய்க்குச் சொன்னோம். இரண்டுக்கும் ஆம் என்றால், முதல் தவணைக்கு மட்டும் சங்கிலி போதும். காணி உறுதியை மட்டும் எவரிடமும் ஈடு வைக்க வேண்டாம்.